மார்கழி விரல்களுக்குப் பால்கோவா நிறம்!

பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் இருக்கிறது பெரியம்மாவின் ஊர். போன மார்கழியில் நான்கு நாள் அங்கே தங்கியிருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகளுக்கும் தண்ணீர் வந்து, கண்மாய்கள் நிறைந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சை. மேற்குத் தொடர்ச்சி மலை கொல்லைப்புறத்திலேயே நிற்பது போலத் தெரியும். விடிகாலையில் மலைக்காற்று இறங்கும்போது, குழாய்த் தண்ணீரைத் தொட்டாலே விரல் விறைத்துப் போகும்.

அந்தக் குளிரில் வாசல் தெளித்து, கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைத்துவிட்டு வந்த மதினி, என் முன்னால் மூன்று நெயில் பாலிஷ் பாட்டில்களை வரிசையாக வைத்தார். தையில் அவருடைய தம்பிக்குக் கல்யாணம்.

“எப்பவும் போடுத மெரூன் இந்தத் தடவ வேணாம்னு பாக்கேன். லைட் கலரா ஒண்ணு சொல்லு. ஆனா என் கைக்கு எடுபடணும்.”

ஒன்று பால் வெள்ளை. இன்னொன்று குழந்தைகளுக்குப் பிடித்த வெளிர் ரோஸ். மூன்றாவது, பழுப்பும் கிரீமும் கலந்தாற்போல ஒரு நிறம். மூன்றையும் மூன்று விரல்களில் பூசி, வாசலில் வெயில் வரும்வரை காத்திருந்தோம். வெயிலில் பார்த்தால், வெள்ளை பூசிய விரல் சாக்பீஸைத் தொட்டது மாதிரி இருந்தது. ரோஸ், கையையே சாம்பல் நிறமாகக் காட்டியது. மூன்றாவது விரல் மட்டும் சேர்ந்தாற்போல, பளிச்சென்று இருந்தது.

“ஏ, இது நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கலருல்லா!” என்றார் மதினி.

அன்றைக்கு ஒரு விஷயம் புரிந்தது. ‘லைட் கலர்’ என்று சொல்லி வாங்கிவிடலாம். ஆனால் எந்த லைட் கலர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதிலும், பழைய மெரூனைத் துடைத்தபோது மதினியின் நகத்தில் தெரிந்தது வேறொரு சேதி. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நிறத்துக்கு வருவோம்.

ஏன் சில வெளிர் நிறங்கள் கையை மங்கலாக்குகின்றன?

குளிர்காலத்தில் காற்றில் ஈரம் குறையும்போது தோல் வறண்டு, மேலே சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். வெளிர் நிற நெயில் பாலிஷில் வெள்ளை நிறமியாக டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ப்பார்கள். வெள்ளை அதிகமான நிறத்தை வறண்ட கையில் பூசினால், நகம் தனியாகவும் கை தனியாகவும் தெரியும். குறை நம் நிறத்தில் இல்லை, சேர்க்கையில்தான் இருக்கிறது. வெள்ளையோடு கொஞ்சம் மஞ்சளோ, பழுப்போ, செம்மையோ கலந்த நிறமாக எடுத்தால், அதே கை மலர்ந்து தெரியும்.

* மாநிறக் கைகளுக்கு: பால்கோவா நிறம், பால் அதிகமாக விட்ட காப்பியின் நிறம், பீச், சந்தன நிறம்.
* கறுத்த கைகளுக்கு: மிகவும் வெளுத்ததை விட்டுவிட்டு அதற்கு ஒரு படி அடுத்ததாக எடுங்கள். கருப்பட்டி மிட்டாய் போன்ற வெளிர் பழுப்பு, பழுப்பு கலந்த ரோஜா, வெளிர் செம்பு நிறங்கள் எடுப்பாக இருக்கும்.
* சிவந்த கைகளுக்கு: வெளிர் ரோஸ், இளம் ஊதா, முல்லைப்பூ வெள்ளை எல்லாம் ஒத்துப்போகும்.
* கல்லூரிப் பெண்களுக்கு: கொஞ்சம் விளையாட்டாக ஏதாவது வேண்டுமென்றால் வெளிர் கிளிப்பச்சை. ஆண்டாள் கையில் இருக்கிற, இலைகளால் தினமும் புதிதாகச் செய்யப்படுகிற கிளியின் ஊர்தானே இது!

கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாட்டிலுக்குள் தெரிகிற நிறம் வேறு, நகத்தில் தெரிகிற நிறம் வேறு. ஒரு விரலில் இரண்டு பூச்சு பூசி, வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையில் பூசிப் பார்க்க விடவில்லை என்றால், வீட்டில் இருக்கிற தோழியின் பாட்டிலை வைத்து, ஒளி ஊடுருவும் செல்லோ டேப்பில் பூசிக் காயவைத்து நகத்தின் மேல் ஒட்டிப் பாருங்கள். கல்யாணத்துக்கு என்றால் அந்தப் பட்டுப்புடவையின் முந்தானையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

தீபாவளி மருதாணி மிச்சம் இருக்கிறதா?

இது நம் வீட்டுப் பெண்களுக்கே உரிய சிக்கல். தீபாவளிக்கு வைத்த மருதாணி உள்ளங்கையில் இரண்டு வாரத்தில் போய்விடும். நகத்தில் போகாது. நகம் வளர்ந்தால்தான் போகும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஒரு நகம் அடியிலிருந்து நுனிவரை முழுதாக மாற 6 மாதம் போல ஆகும். ஆகவே மார்கழியில் பார்த்தால் நகத்தின் அடிப்பாதி வெறுமையாகவும், மேல்பாதி ஆரஞ்சாகவும் நிற்கும்.

அதன் மேல் கண்ணாடி போன்ற வெளிர் ரோஸைப் பூசினால் இரண்டு நிறமும் அப்படியே தெரியும். இதற்கு இரண்டு வழி உண்டு. மறைக்க வேண்டுமானால், ஊடுருவித் தெரியாத பீச் அல்லது பால்கோவா நிறத்தை இரண்டு பூச்சு பூசுங்கள். ஆரஞ்சின் சாயல் அதற்குள் அடங்கிவிடும். மறைக்க மனமில்லை என்றால், நிறமே இல்லாத பளபளப்புப் பூச்சு ஒன்று போதும். மருதாணிப் பிறை மினுங்குவதும் ஓர் அழகுதான்.

சாம்பார்ப் பொடியும் மஞ்சளும்

வெளிர் நிறத்துக்கு நம் சமையலறையில் ஒரு எதிரி உண்டு: மஞ்சள். ஒருநாள் மீன் கழுவி மஞ்சள் தடவினால் போதும், வெள்ளை நெயில் பாலிஷ் பழைய தாளின் நிறத்துக்கு வந்துவிடும். மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் யோசித்துவிடுங்கள். தினமும் சமைக்கிற கைகளுக்கு வெள்ளையும் வெளிர் நீலமும் இரண்டு நாள் கூடத் தாங்காது. பீச், சந்தனம், பால்கோவா நிறங்களில் ஏற்கெனவே மஞ்சள் சாயல் இருப்பதால் கறை ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. மேலே நிறமற்ற டாப் கோட் ஒரு பூச்சு இருந்தால், கறை நிறத்துக்குள் இறங்காமல் மேலோடு நிற்கும்.

வெளிர் நிறத்தில் இன்னொரு சௌகரியம்: நுனியில் சற்றுப் பெயர்ந்தாலும், நகம் வளர்ந்து அடியில் இடைவெளி விழுந்தாலும் சட்டென்று தெரியாது. பாத்திரம் தேய்க்கிற, துணி துவைக்கிற, களையெடுக்கிற கைகளுக்கு இது பெரிய நிம்மதி. மெரூனில் ஒரு பொட்டு பெயர்ந்தாலும் நாலு வீடு தள்ளித் தெரியும்.

மெரூனுக்குக் கீழே இருந்தது

இப்போது மதினியின் நகத்துக்கு வருகிறேன்.

“ஏன் மதினி, எப்பவும் மெரூன்தானா?” என்று கேட்டேன்.

“வயலுக்குப் போற கை. அழுக்கு தெரியாதுல்ல” என்றார்.

வருடக்கணக்காக ஒன்று பெயர்ந்தால் அதன் மேலேயே இன்னொன்று பூசி வந்திருக்கிறார். அன்று ரிமூவர் வைத்து முழுவதும் துடைத்தோம். நகத்தில் அடர் நிறம் ஏறிய மஞ்சள் கறை இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இரண்டு மூன்று நகங்கள் மேடாக இல்லாமல், நடுவில் கரண்டி போலக் குழிந்திருந்தன. கீழே தெரிய வேண்டிய இளஞ்சிவப்பும் இல்லை; வெளுத்துக் கிடந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாளே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பாதிக்கும் மேல்! இவர்களில் எத்தனை பேர் அடர் நிறத்துக்குக் கீழே வெளுத்த நகத்தோடு நடமாடுகிறார்களோ!

நகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிட முடியாது. அதற்குப் பரிசோதனைதான் வேண்டும். ஆனால் ‘போய்ப் பரிசோதித்துக்கொள்’ என்று முதலில் சொல்வது பல நேரம் நகம்தான். இவற்றைக் கவனியுங்கள்:

* நகம் வெளுத்து, கரண்டி போலக் குழிந்தால், ரத்தம் பரிசோதியுங்கள்.
* தடித்து, மஞ்சளாகி, பொடிப்பொடியாக உதிர்ந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஈரத்தில் நிற்கிற கைகளுக்கும் கால்களுக்கும் அடிக்கடி வரும்.
* ஓரம் சிவந்து வீங்கி வலித்தால் நகச்சுற்று. அதன் மேல் பாலிஷ் பூசவே கூடாது.
* ஒரே நகத்தில் கறுப்புக் கோடு புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போனால், தோல் மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.
* சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். ‘கால்சியம் குறைவு’ என்பார்கள். பெரும்பாலும் நகம் எங்கோ இடித்துக்கொண்டதன் அடையாளம்தான் அது.

வெளிர் நிறத்தின் பெரிய லாபமே இதுதான். மெல்லிய, ஊடுருவித் தெரிகிற வெளிர் நிறம் நகத்தை அழகும் செய்கிறது, நம் கண்ணுக்கும் விட்டுவைக்கிறது. அழுக்கு தெரிகிறதே என்கிறீர்களா? தெரிந்தால்தானே கழுவுவோம்! அந்தக் கையால்தானே பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம்.

குளிர்காலத்தில் சளி, மூச்சுத் திணறல் என்று வீட்டில் பெரியவர்களுக்கு விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற பழக்கம் கொரோனாவுக்குப் பிறகு வந்துவிட்டது. அந்தக் கருவி விரல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. அடர் நிறப் பாலிஷ் இருந்தால் கணக்கு தவறலாம். விரல் சில்லிட்டிருந்தாலும் தவறலாம். ஒரு விரலிலாவது பாலிஷை நீக்கி, கையைத் தேய்த்துச் சூடேற்றிவிட்டுப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ போகிறவர்கள் எல்லா விரலிலும் துடைத்துவிட்டுப் போவதே நல்லது.

நகத்துக்கும் ஒரு பாவை நோன்பு

மார்கழி என்றாலே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாள் நினைவு. பாவை நோன்பு இருக்கும் பெண்கள் கண்ணுக்கு மையிடாமல், தலைக்குப் பூச்சூடாமல் இருப்பதும், நோன்பு நிறைகிறபோது ஆசையாக அணிகலன் பூணுவதும் திருப்பாவையிலேயே இருக்கிறது. மார்கழி 27-ம் நாளைத்தான் கூடாரவல்லி என்று கொண்டாடுகிறோம். கோயிலில் மார்கழி நீராட்டு விழாவில் ஆண்டாளுக்கு எண்ணெய்க் காப்பும் நடக்கும். முதலில் எண்ணெய், பிறகு அலங்காரம்!

நகத்துக்கும் அதே வரிசையைப் பின்பற்றலாமே. ‘நகம் மூச்சு விடணும்’ என்று சொல்வார்கள். நகத்தகடு உயிரற்ற கெரட்டின். அது மூச்சு விடுவதில்லை. ஆனால் அடிக்கடி ரிமூவர் படுவதால் அது வறண்டு, நுனியில் ஏடு ஏடாகப் பிரியும். அதற்குத்தான் ஓய்வு. பத்து நாள் வெறும் நகமாக விடுங்கள். இரவு படுக்கப் போகும்போது நகத்திலும் அதன் அடித்தோலிலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுங்கள்.

நம் பாட்டிமார் நெயில் பாலிஷை ‘கியூடெக்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். அது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர். நகத்தின் அடித்தோலுக்கு ஆங்கிலத்தில் கியூட்டிகிள். அதிலிருந்து வந்ததுதான் அந்தப் பெயர். அடித்தோலைப் பராமரிக்கும் திரவத்தில் தொடங்கிய பிறகுதான் அவர்கள் நிறத்துக்கே வந்தார்கள். பாட்டி சொன்ன பெயரிலேயே பாடம் இருக்கிறது: முதலில் தோல், பிறகு நிறம்.

கோடு விழாமல் பூசுவது எப்படி?

வெளிர் நிறம் வாங்குகிறவர்களின் பெரிய புகார், ‘திட்டுத் திட்டாகக் கோடு விழுகிறது’ என்பது. பூசுகிற முறையை மாற்றினால் சரியாகும்.

1. நகத்தை வெட்டி, ஒரே பக்கமாக அரத்தால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிடுங்கள்.
2. பாட்டிலைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். குளிரில் கெட்டிப்பட்ட பாலிஷ் அந்தச் சூட்டிலேயே இளகும்.
3. நிறமற்ற பேஸ் கோட் ஒரு பூச்சு. நகத்தில் நிறம் ஏறாது.
4. நடுவில் ஒரு இழுப்பு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு இழுப்பு. மூன்றோடு நிறுத்துங்கள். தோலில் படாமல் ஒரு முடியளவு இடம் விடுங்கள்.
5. முதல் பூச்சு திட்டாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். 3 நிமிடம் பொறுத்து மெல்லிசாக இரண்டாவது பூச்சு. குளிரில் காய அதிக நேரம் எடுக்கும்.
6. கடைசியில் டாப் கோட். நக நுனியின் விளிம்பிலும் ஒரு தடவு தடவினால் சீக்கிரம் பெயராது.

காய்ந்துவிட்டது என்று உடனே வெந்நீரில் கை வைக்காதீர்கள். இரவுச் சமையல் முடிந்த பிறகு பூசுவதே உத்தமம். எடுக்கும்போது சுரண்டி உரிக்க வேண்டாம். நகத்தின் மேல் ஏடும் சேர்ந்து வந்துவிடும். ரிமூவர் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் நகத்தில் வைத்திருந்து துடையுங்கள். அசிட்டோன் இல்லாத ரிமூவர் அவ்வளவாக வறட்சி தராது.

பஞ்சும் நெருப்பும்

ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பக்கத்திலேயே பட்டாசு ஊர் சிவகாசி. நெயில் பாலிஷுக்குள் இந்த இரண்டுமே இருக்கின்றன என்றால் நம்புவீர்களா? காய்ந்ததும் நகத்தில் படலமாக நிற்கிற பொருளின் பெயர் நைட்ரோ செல்லுலோஸ். பஞ்சிலோ மரக்கூழிலோ உள்ள செல்லுலோஸை நைட்ரிக், கந்தக அமிலங்களில் பக்குவப்படுத்திச் செய்வது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வெடிபஞ்சை 1840-களில் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். பாலிஷில் இருக்கிற கரைப்பானும், ரிமூவரில் இருக்கிற அசிட்டோனும் சட்டென்று தீப்பிடிப்பவை.

ஆகவே அடுப்புக்குப் பக்கத்தில், விளக்குக்குப் பக்கத்தில், கொசுவத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூசாதீர்கள். பூசிய கையோடு தீபம் ஏற்றப் போகாதீர்கள். ரிமூவர் பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துப் பூசினால் வாடையும் மண்டையில் ஏறாது.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் இருக்க வேண்டும். திருவிழாக் கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற, லேபிள் இல்லாத பாட்டில் நிறத்தில் ஆசை காட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றும் இல்லாததாகப் பார்த்து வாங்கினால் நல்லது. பூசிய பிறகு நகத்தைச் சுற்றியோ கண் இமையிலோ அரித்தால் உடனே துடைத்துவிடுங்கள். நகத்தில் பூசியது இமையில் ஒவ்வாமையாகத் தெரிவது உண்டு, கை அடிக்கடி கண்ணுக்குப் போவதால்.

தை பிறந்தது

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மதினி மாம்பழ நிறப் பட்டுக் கட்டியிருந்தார். விரல்களில் அதே பால்கோவா நிறம். முருங்கைக்கீரையும், வேளை தவறாத மாத்திரையுமாக ஒரு மாதம் போயிருந்தது. மாத்திரையை டீயோடு போடாதீர்கள், எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொன்னதையும் விடாமல் செய்திருக்கிறார்.

மாலை மாற்றும் சமயம் என் பக்கத்தில் வந்து, விரித்த கையைக் காட்டினார். கட்டைவிரலில் மட்டும் பாலிஷ் இல்லை.

“மறந்துட்டீங்களா மதினி?”

“மறக்கல. பத்து வெரல்ல ஒண்ணச் சும்மா விட்டுருக்கேன். ரத்தம் ஊறுதா இல்லையான்னு தெனமும் பாக்கணும்லா!”

அந்த நகம் இன்னும் குழிந்துதான் இருந்தது. நகம் முழுதாக மாற 6 மாதம் ஆகுமே. ஆனால் கீழே, லேசாக ஒரு சிவப்பு வரத் தொடங்கியிருந்தது.

இந்த மார்கழியில் நீங்களும் ஒருமுறை பழைய நிறத்தை முழுவதும் துடைத்துவிட்டு, வாசல் வெயிலில் உங்கள் நகத்தைப் பாருங்கள். அம்மாவின் நகத்தையும், மகளின் நகத்தையும் பாருங்கள். பார்த்த பிறகு, உங்கள் கைக்கு எடுபடுகிற ஒரு வெளிர் நிறத்தை ஆசையாகப் பூசிக்கொள்ளுங்கள்.